ஆன்டெனா போய்விட்டது, எர்த் கம்பி எங்கே?



சென்ற இதழில் பழைய வங்கிப் பாஸ் புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தேன். லிஃப்டில் நிறுத்தி இரண்டு வார்த்தை சொன்னவர்களுக்கு நன்றி. இந்த முறை டிவி ஆன்டெனாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நம் செயலாளர் சிரித்தார். "சார், இப்ப யார் வீட்டுல ஆன்டெனா இருக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் படித்து முடிக்கும்போது இது நம் மொட்டை மாடியைப் பற்றிய கட்டுரை என்று உங்களுக்குத் தெரியும். என் பெயரில் உள்ள ஒரு தவறும் இதில் வருகிறது.

மச்சில் ஒரு ஆன்டெனா

எங்கள் பூர்வீக வீடு புதுக்கோட்டை டவுனில் இருந்த நாட்டு ஓட்டு வீடு. உள்ளே மரப்பலகை போட்ட மச்சு. உடைந்த தொட்டில், வெங்கலப் பானை, பழைய கணக்கு நோட்டுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். 1988 பொங்கலுக்கு வங்கியில் கடன் போட்டு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கினேன். ஞாயிறு காலை ராமாயணத்துக்குத் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆன்டெனா எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. பக்கத்து வீட்டுச் சித்தப்பா நாற்பது அடி ஜிஐ பைப் நட்டு, அதன் உச்சியில் மாட்டியிருந்தார். அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஆள் ஏறினா ஓடு உடையும் தம்பி. அது மட்டுமில்ல, வீட்டுக்கு மேல இரும்பை நட்டு வச்சா இடியை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி" என்றார். கடைசியில் மச்சிலேயே, கைமரத்தில் கயிறு கட்டி ஆன்டெனாவைத் தொங்கவிட்டோம். கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தால் படம் ஓரளவு தெளிவாகவே வந்தது. வெளியே பைப் இல்லை, இடி பயமும் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

அந்த வருடம் ஐப்பசியில், மகாபாரதம் தொடங்கிச் சில வாரமே ஆகியிருந்த நேரம், ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. சித்தப்பா வீட்டுப் பைப்பில்தான் விழுந்தது. அவர் டிவியின் பின்பக்க மூடி தெறித்துவிட்டது. ஆன்டெனா ஒயர் போன வழியெல்லாம் சுவரில் கருப்புக் கோடு. நல்ல வேளை, யாரும் அருகில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் டிவியைப் போட்டுப் பார்த்தோம். அதுவும் போய்விட்டது.

எங்கள் ஆன்டெனா வானத்தையே பார்த்ததில்லை. மச்சுக்குள் ஓட்டுக்குக் கீழே பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு எப்படிப் போனது? பி.காம். படித்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிற்காலத்தில் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1753இல் ஒரு பேராசிரியர்

கதை அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் தொடங்குகிறது. மின்னலும் மின்சாரமும் ஒன்றுதான் என்று சொன்ன அவர், அதைச் சோதிக்க உயரமான ஓர் இரும்புக் கம்பியை நட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார். 1752 மே மாதம் பிரான்சில் மார்லி என்ற ஊரில் தாலிபார் என்பவர் ஏற்பாட்டில் அப்படியே நட்டார்கள். இடி மேகம் வந்தபோது கம்பியிலிருந்து தீப்பொறி எடுக்க முடிந்தது. ஐரோப்பா முழுவதும் இது பரபரப்பானது.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற பேராசிரியர் தன் வீட்டுக் கூரையில் இதே போல் ஒரு கம்பியை நட்டார். அதன் மறுமுனையை வீட்டுக்குள் கொண்டுவந்து, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்க்க ஒரு கருவியையும் மாட்டினார். அளவு பார்க்க வேண்டும் என்பதால் கம்பியை மண்ணோடு சேர்க்கவில்லை. 1753 ஆகஸ்ட் 6ஆம் தேதி இடி மழை வந்தது. அளவு பார்க்க அவர் கருவியை நெருங்கியபோது, கம்பியிலிருந்து முஷ்டி அளவு நீலத் தீப்பந்து ஒன்று அவர் நெற்றியில் பாய்ந்தது. அந்த இடத்திலேயே உயிர் போனது. உடனிருந்த ஓவியர் தப்பித்தார். பக்கத்திலேயே இன்னொரு வீட்டில் இதே சோதனையைச் செய்துகொண்டிருந்த லோமனோசோவ் என்ற அறிஞர், இந்த மரணத்தைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கம்பிக்கும் இடிதாங்கிக்கும் என்ன வித்தியாசம்? மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டும் உயரத்தில் நிற்கும் இரும்புதான். வித்தியாசம் கீழே இருக்கிறது. மண் வரை போனால் அது இடிதாங்கி. நடுவில் நின்றுபோனால் அது மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும் குழாய்.

கணக்கு எழுதியவன் என்பதால் எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். பற்று ஒன்று வந்தால் வரவு ஒன்று இருந்தே ஆக வேண்டும். மின்னல் உங்கள் கூரையில் ஒரு பெரிய தொகையைக் கொண்டுவந்து போடுகிறது. அது போய்ச் சேர நீங்கள் ஒரு கணக்கைத் திறந்து வைக்கவில்லை என்றால், டிவியோ ஒயரிங்கோ நீங்களோ அந்தக் கணக்காக மாற வேண்டியதுதான்.

ஏரியலும் எர்த்தும் கூடப் பிறந்தவை

1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு இரண்டு கம்பி தேவையில்லை, ஒன்று போதும், திரும்பும் வழியாகப் பூமியையே வைத்துக்கொள்ளலாம் என்று கண்டார். 1895இல் மார்க்கோனி தன் கருவியின் ஒரு முனையை உயரே தூக்கி, மறுமுனையை மண்ணில் புதைத்தார். உடனே சிக்னல் போகும் தூரம் பல மடங்கு கூடியது. ஆக, ஆன்டெனா பிறந்தபோதே எர்த்தும் கூடப் பிறந்தது.

நம்மில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் தேதி தொடங்கியது. அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் முதுகில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஏரியலுக்கு, மற்றது எர்த்துக்கு. கூடத்தின் குறுக்கே செம்பு வலைப்பட்டை ஏரியலாகத் தொங்கும். இன்னொரு ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போய், துளசி மாடத்துக்கோ கிணற்றுக்கோ பக்கத்தில் ஈர மண்ணில் புதைந்திருக்கும். கரகரப்பு கூடினால் அந்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். எர்த் என்றால் என்ன என்று விளக்கத் தெரியாதவர்களுக்கும் அதைக் கவனிக்கத் தெரிந்திருந்தது.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. அதன் வயிற்றுக்குள்ளேயே ஃபெரைட் கம்பியில் சுற்றிய ஏரியல் இருந்ததால் வெளி ஏரியலும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்த வசதியில் ஒரு தலைமுறை எர்த் கம்பியை மறந்தது. அந்த மறதி இருந்த நேரத்தில்தான் நம் ஊருக்கு டிவி வந்தது.

ரூபவாஹினி காலம்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கியது. ஆனால் சென்னை சிக்னல் நம் மாவட்டம் வரை வராது. எங்களுக்கு முதலில் படம் காட்டியது கடலுக்கு அந்தப் பக்கம். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியது. வட இலங்கையில் கொக்காவில் என்ற இடத்தில் அதற்கு ஓர் அஞ்சல் நிலையம் இருந்தது. நம் கோட்டைப்பட்டினம் கரையிலிருந்து அது ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். 1990 ஜூலையில் நடந்த போரில் அந்த நிலையம் அழிந்தது. 2011 ஜூனில் அதே ஊரில் 174 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் திறந்தார்கள்.

எண்பதுகளில் ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தென்னை மரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பைப்புகள் நிற்கும். எல்லா ஆன்டெனாவும் தென்கிழக்கே பார்க்கும். உயரம் கூடக் கூடப் படம் தெளியும் என்பது அன்றைய நம்பிக்கை. அதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. டிவி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்குப் பிறகு அடிவானம் மறைத்துவிடும். ஒளிபரப்புக் கோபுரம் 100 மீட்டர், உங்கள் பைப் 10 மீட்டர் என்றால் சுமார் 54 கிலோமீட்டர் வரை நேர்ப் பார்வை கிடைக்கும். பைப்பை இரட்டிப்பாக்கி 20 மீட்டர் ஆக்கினாலும் கூடுவது ஐந்தரை கிலோமீட்டர்தான். 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து படம் வந்ததற்குப் பெரிய காரணம் கடல். வெயில் காலச் சாயங்காலங்களில் கடலின் மேல் நிற்கும் காற்று அடுக்குகள் அலையை வளைத்துத் தூரம் கொண்டுவரும். ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தது அதனால்தான். ஜனங்கள் பைப்பின் மேல் பைப்பை ஒட்டினார்கள். சிக்னல் கொஞ்சம் கூடியது. மின்னலுக்கு எட்டும் உயரமும் கூடியது.

எண்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் வந்ததும் ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின. கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் நிலையம் இருந்தால், ஐந்து மீட்டர் உயர மச்சுக்கும் கணக்குப்படி 198 கிலோமீட்டர் வரை நேர்ப் பார்வை கிடைக்கும். கொடைக்கானல் நமக்கு 150 கிலோமீட்டருக்குள்தான். எங்கள் மச்சு ஆன்டெனா வேலை செய்த ரகசியம் அதுதான். உண்மையில் டவுனில் நாற்பது அடி பைப்புக்கு அவசியமே குறைந்திருந்தது. பைப்பைக் கழற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

எர்த் போட்டால் படம் போய்விடுமா?

அன்றைக்கு ஆன்டெனா மாட்ட வருபவர்களிடம் எர்த் பற்றிக் கேட்டால், "எர்த் குடுத்தா படம் மண்ணுக்குள்ள போயிடும் அண்ணே" என்பார்கள். நானும் நம்பினேன். அது தவறு.

நாம் மீன்முள் ஆன்டெனா என்று சொல்வோமே, அதன் பெயர் யாகி-உடா. 1926இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்ற இருவர் உருவாக்கியது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, பிரிட்டிஷ் ராணுவத்தின் ரேடார் குறிப்புகள் சிக்கின. அதில் அடிக்கடி வந்த 'யாகி' என்ற சொல் ஜப்பான் அதிகாரிகளுக்குப் புரியவில்லை. அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தான் என்று ஒரு பிரிட்டிஷ் கைதி சொல்ல வேண்டியிருந்தது. நம் மாவட்டத்திலிருந்து பலர் பிழைப்புக்காகப் போன சிங்கப்பூரில் நடந்த கதை இது.

அந்த மீன்முள்ளின் ஒவ்வொரு குழாயும் நடுவில் முதுகுத் தண்டோடு முடுக்கப்பட்டிருக்கும். குழாயின் நடுப்புள்ளியில் சிக்னல் அழுத்தம் சுழி. அதனால் முதுகுத் தண்டையும் அதைத் தாங்கும் பைப்பையும் எர்த் செய்தால் படத்துக்கு ஒரு குறையும் வராது. படம் போய்விடும் என்ற பயம் தேவையற்றது. அந்தப் பயத்தில் நாம் விட்டது மண்ணுக்குப் போகும் வழியை.

எங்கள் டிவி ஏன் போனது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இயந்திரத்தை நிறுவ வந்த இன்ஜினியர், முதலில் பெட்டியைப் பிரிக்கவில்லை. எர்த் குழி எங்கே என்று கேட்டார். கட்டடத்துக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கிய குழி ஒன்று, குப்பைக்கு அடியில் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, அளந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்கியது. அன்று மதியம் டீ குடிக்கும்போது எங்கள் மச்சுக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்.

"உங்க டிவி ரெண்டு கம்பிக்கு நடுவுல உட்கார்ந்திருந்தது சார்" என்றார். ஒரு பக்கம் இபி லைன். மறுபக்கம் ஆன்டெனா ஒயர். சித்தப்பா வீட்டுப் பைப்பில் விழுந்த மின்னலுக்கு மண்ணுக்குப் போக வழியில்லை. டிவி வழியாகப் பாய்ந்து, இபி ஒயரிங்கில் ஏறியது. அந்த லைன் எங்கள் வீட்டுக்கும் பொது. அன்றைய டிவிகளுக்கு இரண்டு முள் பிளக்தான், எர்த் முள் கிடையாது. லைனில் வந்த அதிர்ச்சி எங்கள் டிவிக்குள் நுழைந்து, வெளியேற வழி தேடி ஆன்டெனா ஒயர் பக்கம் பாய்ந்திருக்கிறது. அருகில் மின்னல் இறங்கும்போது நீளமான எந்த ஒயரிலும் தானாகவே அழுத்தம் தூண்டப்படும். மச்சில் தொங்கிய ஒயரும் அதற்கு விலக்கல்ல. ஓடு மழையைத் தடுக்கும், மின்னலின் பாதிப்பைத் தடுக்காது.

அப்பா சொன்னது பாதி சரி. மச்சு ஆன்டெனா மின்னலை அழைக்காது. ஆனால் வந்த மின்னலுக்கு அது ஒரு வழியாகிவிடும். அந்த ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்து, அந்த எர்த்தை வீட்டு மெயின் எர்த்தோடு சேர்த்திருந்தால், டிவியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் ஏறி இறங்கியிருக்கும். பிழைக்க வாய்ப்பு கூடியிருக்கும். ஆன்டெனாவுக்கு என்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் குத்திவிட்டால் மட்டும் போதாது. சராசரி மின்னல் ஒன்றின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், பெருக்கிப் பாருங்கள், அந்தக் கணத்தில் அந்தக் குழி 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். வீட்டின் இன்னொரு எர்த் சும்மா இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உங்கள் டிவிக்குள் பாயும். அதனால்தான் ஒரு வீட்டில் எத்தனை எர்த் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கச் சொல்கிறார்கள். இந்தியத் தரநிலைகளில் எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043, மின்னல் பாதுகாப்புக்கு முன்பு ஐஎஸ் 2309, இப்போது ஐஎஸ்/ஐஇசி 62305 என்று தனி நூல்களே உண்டு.

கோபுரக் கலசம் காப்பாற்றுமா?

நம் வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு நாலு முறை ஒரு செய்தி வரும். கோபுரக் கலசத்தில் வரகு போட்டு வைத்தது இடிதாங்கிக்காகத்தான், அது ஊரையே காப்பாற்றுகிறது என்று. கலசத்தின் மீது எனக்குப் பக்தி உண்டு. கும்பாபிஷேகத்துக்கு மாடியில் நின்று கையெடுத்துக் கும்பிடுபவன்தான். ஆனால் இடிதாங்கிக்கு மூன்று உறுப்பு வேண்டும்: மேலே முனை, நடுவில் பட்டை, கீழே மண்ணில் எர்த். கலசத்துக்குக் கீழே இருப்பது செங்கல்லும் சுதையும். மண் வரை இறங்கும் உலோக வழி இல்லை. இன்று பல கோபுரங்களில் கலசத்தை ஒட்டித் தனியாக ஓர் இடிதாங்கியும், அதிலிருந்து தரை வரை ஒரு பட்டையும் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. இத்தகைய கோபுரங்கள் மின்னலை வாங்கியும் நிற்பது, மண்ணோடு சரியாகக் கட்டப்பட்டிருப்பதால்தான். பக்தி பக்தியாக இருக்கட்டும், பட்டை பட்டையாக இருக்கட்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். இதில் பெரும்பாலோர் வயல் வெளியில் நின்றவர்கள். கட்டடத்துக்குள் இருக்கும் நமக்கு ஆபத்து அதைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பாதுகாப்பும் ஒரு பட்டையை நம்பித்தான் இருக்கிறது. இனி நம் மாடிக்கு வருகிறேன்.

நம் மொட்டை மாடி

இந்தக் கட்டுரைக்காகப் பழைய ஆன்டெனாக் கம்பம் ஏதாவது படம் எடுக்கலாமே என்று போன மாதம் மாடிக்குப் போனேன். ஆன்டெனா எதுவும் இல்லை. தூர்தர்ஷனே பழைய ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. ஆனால் டிஷ் இருக்கிறது, சிசிடிவி ஒயர் இருக்கிறது, இன்டர்நெட் கம்பெனிகளின் பெட்டி இருக்கிறது, சோலார் தகடு இருக்கிறது. ஒரு ஆன்டெனா போய்ப் பல இரும்புகள் வந்திருக்கின்றன. எத்தனைக்கு எர்த் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சோலாருக்கு மட்டும் இருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் மேல் நம் இடிதாங்கி நிற்கிறது. அதிலிருந்து வரும் செம்புப் பட்டையைக் கண்ணால் தொடர்ந்தேன். கைப்பிடிச் சுவர் வரை வருகிறது. அதோடு சரி. வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்த துளைகள் மட்டும்தான் இருக்கின்றன. கீழே போய் எர்த் குழியைத் திறந்தால், அங்கேயும் வெறும் போல்ட்.

இரண்டு வருடத்துக்கு முன் மாடிக்கும் வெளிச்சுவருக்கும் நீர்க்கசிவு வேலை செய்தோம், நினைவிருக்கும். அப்போது பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டவில்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள செம்புப் பட்டை 15 மீட்டர் என்றால் ஏறக்குறைய 10 கிலோ. பழைய இரும்புக் கடையில் நல்ல விலை போகும்.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலை முடிந்ததற்கான இறுதி பில்லில் பொருளாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான். 'முன்பிருந்த பொருத்துகள் அனைத்தும் திரும்பப் பொருத்தப்பட்டன' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் வவுச்சரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன், மாடிப்படி ஏறிப் பார்க்காமல் அதில் போட்டுவிட்டேன். இரண்டு ஐப்பசி மழை நம் தலைக்கு மேல் போயிருக்கிறது. அந்த இரண்டு மழையிலும் நம் கட்டடம் ரிச்மன் வீட்டைப் போல, மேலே கம்பியும் கீழே ஒன்றும் இல்லாமல் நின்றிருக்கிறது. ஒன்றும் நடக்காதது நம் அதிர்ஷ்டம். உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை

செயலாளரிடம் பேசிவிட்டேன். செயற்குழுவின் முன் வைக்க இருப்பவை இவை:

1. இடிதாங்கிப் பட்டையை மழைக்கு முன் மீண்டும் பொருத்துவது. செம்புதான் வேண்டும் என்பதில்லை. துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையும் தரநிலைக்கு உட்பட்டதே. திருடுபவர்களுக்கும் அவ்வளவு ஆசை வராது. கூர்மையான மடிப்பு இல்லாமல் நேராக இறக்க வேண்டும்.

2. எர்த் குழிகளை வருடம் ஒருமுறை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளந்து, அளவைப் பதிவேட்டில் எழுதுவது. நம் பக்கம் செம்புறாங்கல் பூமி. கோடையில் நன்றாகக் காய்ந்துவிடும், காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. கோடை இடி மழை வருவதும் அந்த நேரத்தில்தான். சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை வாட்ச்மேன் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

3. மாடியில் உள்ள டிஷ், சிசிடிவி, இன்டர்நெட் பெட்டிகளின் உலோகப் பகுதிகளைக் கட்டடத்தின் எர்த்தோடு இணைப்பது. புதிதாக மாட்ட வருபவர்களுக்கு இதை நிபந்தனையாக வைப்பது.

4. மெயின் போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்ப்பது.

உங்கள் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதை எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு மாடியில் துணி எடுக்கப் போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். டிவியின் பிளக்கையும் டிஷ் ஒயரையும் மழை நெருங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் ஒயரைத் தொட வேண்டாம், டிவி போனால் போகட்டும். புனே வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்ற செயலி போனில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் மின்னல் இருந்தால் அது சொல்லும்.

வரும் பொதுக்குழுவில் 'எர்த் பராமரிப்பு' என்று ஒரு சின்னத் தொகை பட்ஜெட்டில் இருக்கும். இது எதற்கு என்று யாராவது கேட்டால், இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். பட்டை திரும்ப மாட்டிவிட்டோம் என்று சங்கம் அறிவித்தால், அதை மட்டும் நம்ப வேண்டாம். மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரிலிருந்து தரை வரை உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நானும் இந்த முறை பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுவேன்.